மணலுக்குள் உட்கார்ந்தவர்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது உனக்கு எழுதிவிடுவார்கள். நீ அனுப்பிய வரைபடத்தை ஒரு வாரமாகத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்தது மட்டுமில்லை, கல் மண் சுமக்க வந்த பெண்களை எல்லாம் வட்டமாக உட்காரவைத்து, "பாத்துக்குங்க, பிக்குமாருக்கு என் நாத்தனார் எவ்வளவு பெரிய பிச்சைப் பாத்திரம் வரைஞ்சிருக்கா" என்று விளக்கமும் சொன்னேன். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்த வழியாக வந்த பெரிய பிக்கு, காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, திருப்பி, மறுபடி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் அது கூரை என்று தெரிந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குப் படம் அனுப்புகிறாய், மேலே எது கீழே எது என்று ஓர் அம்புக்குறி போட வேண்டாமா? தப்பு உன் பேரில்தான்.

மற்றபடி எல்லாரும் சுகம், உன் அண்ணனின் முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா, இல்லை பென்சிலையே கடித்துக்கொண்டு இருக்கிறாயா? இங்கிருந்து போனில் பேச வேண்டுமென்றால் இரண்டு மேடு தாண்டி நடக்க வேண்டும். அதற்குக் கடிதமே தேவலை.

அஸ்திவாரம் முடிந்தது. வட்டம் வட்டமாகவே வந்திருக்கிறது. உன் அண்ணன் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அது திருப்தி "ம்". பிறகு படத்தில் வாசலைப் பார்த்து இன்னொரு "ம்" போட்டார். அது கேள்வி "ம்". ஏனென்றால் வாசல் என் மூக்குயரம்கூட இல்லை. நானே குள்ளம். என்னைவிடக் குள்ளமானவர்களுக்காகவா கோயில் கட்டுகிறாய்?

உன் அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் அம்புக்குறி போடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். அண்ணனை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசல் தாழ்வாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. யாராக இருந்தாலும் தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். போய் நிமிர்ந்தால் நேர் எதிரில் புத்தர் உட்கார்ந்திருப்பார், கூரையின் உச்சியில் கண் என்று விட்ட வட்டத் துளை வழியாக வெளிச்சம் அவர் மடியில் விழும். கோயில் என்று நான் நினைத்தது இவ்வளவுதான்.

ஆனால் அந்த வாசல் வழியாகச் சிலை போகாது. அதனால் சிலை கப்பலில் வந்து பீடத்தில் உட்கார்ந்த பிறகுதான் சுவர் எழுப்ப வேண்டும். கப்பல் தாமதமானாலும் காத்திருங்கள். இதைப் பெரிய பிக்குவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஆபீஸ் பெரியவர் இந்தப் படத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரும்பு இல்லாமல் வெறும் செங்கல்லில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இத்தனை பெரிய கூண்டுக் கூரை நிற்காதாம். நான் கணக்குப் போட்டிருக்கிறேன், நிற்கும். அதனால் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. விழுந்தால் இந்த ஊரில் எனக்கு யாரும் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வரையத் தர மாட்டார்கள். அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நீ எழுதியதைப் பெரிய பிக்குவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அவசரம் கூடாது. காத்திருப்போம்" என்றார். எனக்கே மனசு குளிர்ந்துபோனது. மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார். "சும்மாத்தானே இருக்கீங்க, வாசல் பக்கம் மட்டும் கொஞ்சம் எழுப்பலாமே?" கொஞ்சம் எழுப்பினோம். அதற்கு அடுத்த நாள், "ஒரு பக்கம் மட்டும் இருந்தா பார்க்க நல்லாயில்லை." அந்தப் பக்கமும் எழுப்பினோம். ஊருக்கெல்லாம் பொறுமையைப் போதிக்கிறவருக்கு அவர் பங்குக்கு ஒரு சிட்டிகையும் மிச்சமில்லை. எங்கள் பெண்கள் அவருக்கு அவசர பிக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். முழுச் சுவரும் எழும்பிக் காய்ந்த பிறகு, சிலை லாரியில் வந்து வாசல் முன்னால் நின்றது. வாசலும் சிலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரிய பிக்கு வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் வானம் வழியாகத்தான் புத்தர் உள்ளே போனார். துறைமுகத்திலிருந்து கிரேன் வந்தது. கல்லாலான ஆள், கண்ணை மூடிக்கொண்டு, காற்றிலே ஆடி ஆடிச் சுவருக்கு மேலே போகிறார். எங்கள் கூட்டத்தில் வாய் ஓயாத ஒருத்தி இருக்கிறாள், அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அந்த ரேடியோவே பேச்சை நிறுத்திவிட்டாள். உன் அண்ணன் உள்ளே நின்று, தொட்டிலிலிருந்து குழந்தையை வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். விழுந்திருந்தால் பிடித்திருப்பாரோ என்னவோ. புத்தர் நல்லபடியாகப் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு விரல் நுனி கூட உடையவில்லை.

இப்போது சங்கடம் என்னவென்றால், கூரை போட அடியில் மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டுமே. உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். உன் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டு எங்க நிறுத்துறது, மடியிலயா?" என்றார். இந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

பதில் போடு. அவசர பிக்கு தினம் மூன்று வேளை வந்து கூரையைக் கேட்கிறார்.

உன் அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

கோபித்துக்கொண்டேன். இப்போது சரியாகிவிட்டது. சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே போதும்.

மரமே வேண்டாம். மணல் போதும்.

சிலையைத் துணியாலும் வைக்கோல் கயிற்றாலும் நன்றாகச் சுற்றிவிடுங்கள். வாசலைப் பலகை வைத்து அடையுங்கள். பிறகு உள்ளே முழுவதும் மணலைக் கொட்டுங்கள். கொட்டிக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, சுவர் உயரத்துக்கு நிரப்புங்கள். அதற்கு மேலே கூரையின் உள்பக்க வடிவத்துக்கு மணலைக் குவித்தால், அந்தக் குவியலின் முதுகிலேயே செங்கல்லை அடுக்கிக்கொண்டு போகலாம். கூரை இறுகிய பிறகு மணலை எடுத்துவிட வேண்டியதுதான். மணல் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும், மேலே இருந்து தண்ணீர் இறங்கினால் கனத்துப் போய் இன்னும் தள்ளும். அதனால் வெளியே சுற்றிலும் மண் மூட்டைகளை அடுக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் ஆபீஸ் பெரியவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அதுதான் மோசம். இந்தக் கவலையில் எனக்கு முடி வேறு கொட்டுகிறது.

அண்ணன் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். எந்த "ம்" என்பதையும் சேர்த்து.

பாப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே வெயிலில் எல்லாரும் கருவாடாகிக்கொண்டிருக்கிறோம், மற்றபடி சுகம். உன் முடி கொட்டுகிறது என்றாயே, நின்றதா?

உன் மணல் யோசனையை வாசித்துக் காட்டினேன். உன் அண்ணன் "ம்" என்றார். எனக்கே இது எந்த "ம்" என்று தெரியவில்லை, புதுசு. ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டில் சோற்றைக் குவித்து, அதன்மேல் அப்பளத்தை வைத்து, அடியிலிருந்து சோற்றைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். அப்பளம் உடைந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பளம் தட்டை. கூண்டு வேற" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். காலையில் முதல் கூடை மணலை அவர்தான் கொட்டினார்.

அதிலிருந்து எங்கள் பெண்கள் ராஜ்ஜியம்தான். இதுவரை நாங்கள் சுமப்போம், ஆம்பளைகள் கட்டுவார்கள். இப்போது கட்டடமே நாங்கள் கொட்டுகிற கூடையில் இருக்கிறது. ரேடியோ நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே, மேஸ்திரி உன் அண்ணனுக்கே வழிவிட மாட்டேன் என்கிறாள். முதலில் புத்தரின் முழங்கால் மறைந்தது, அப்புறம் கை, அப்புறம் தோள். கடைசியாகத் தலை மறைகிற அன்றைக்கு எல்லாரும் கொஞ்சம் மெதுவாகக் கொட்டினோம்.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. சிலைக்கு நிறைய உதவி செய்தவர்களாம்.

"சிலை எங்கம்மா?"

"மணலுக்குள்ளே இருக்குங்க."

"எப்போ வெளியே எடுப்பீங்க?"

"கூரை போட்டப்புறம்."

"கூரை எதுமேல போடுவீங்க?"

"மணல்மேல."

அந்த அம்மா புருஷனைப் பார்த்து, "புத்தரைப் புதைச்சுட்டாங்களாம்" என்றாள். அன்று சாயந்திரம் அவசர பிக்கு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அவர் பத்திரமாத்தானே இருக்காரு?" என்று கேட்டார். "உங்களைவிட நிம்மதியா இருக்காரு" என்றேன். யோசித்துவிட்டு, "அது உண்மைதான்" என்று போனார்.

நடுவிலே கம்பம் நட்டு, நீ வரைந்த வளைவுக்குப் பலகை வெட்டி, அதைக் கம்பத்தில் கட்டிச் சுற்றினோம். சுற்றச் சுற்ற மணல் வழவழவென்று உருண்டு வந்தது. இந்தத் தடவை படத்தை நேராகத்தான் பிடித்தேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

முடி கொட்டுவது நிற்கவில்லை. இந்தக் கூரை நின்றால் அதுவும் நிற்கும்.

அப்பளத்தைப் பற்றிப் படித்துவிட்டு அண்ணனுக்காகக் கொஞ்சம் அழுதேன். சொல்லிவிடாதீர்கள்.

செங்கல் வேலையில் எனக்குப் பயமில்லை. அண்ணன் கை எனக்குத் தெரியும். பயம் மணலை எடுப்பதில்தான். அதைக் கவனமாக வாசியுங்கள். முதலில் வாசலைத் திறக்கக் கூடாது. திறந்தால் மணல் ஒரு பக்கமாகச் சரியும், கூரையின் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் இழக்கும். இரண்டு பேர் படுத்திருக்கும்போது ஒருவர் மட்டும் போர்வையை இழுத்தது போல ஆகிவிடும். உச்சியில் விட்டிருக்கும் கண் வழியாக ஒருவர் இறங்கி, கூரையின் அடியில் ஒட்டியிருக்கும் மணலைச் சுற்றிலும் சமமாகக் கையால் சுரண்டி, கூடையில் மேலே அனுப்ப வேண்டும். சுவர் வரை அப்படி எடுத்த பிறகுதான் கூரை தன் காலில் நிற்கிறதா என்று தெரியும்.

அது தெரிகிற நேரத்தில் அந்த ஆள் உள்ளே இருப்பார்.

அதனால் அது நான்தான். நான் வரைந்தது, என் கையெழுத்து. ஜூன் முதல் வாரம் வருகிறேன். நான் வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. ஒருவேளை நான் வரமுடியாமல் போனால் யாரை இறக்குவதாக இருக்கிறீர்கள்? இதற்கு மட்டும் நேரான பதில் எழுதுங்கள்.

பாப்பா


மே 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

கூரை மூடியாயிற்று. கண்ணைச் சுற்றிக் கடைசி வரிசைக் கல்லை வைக்கும்போது உன் அண்ணன் ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார், கல் என்ன பாட்டா பாடப்போகிறது. வேலை முடிந்ததும் கீழே இறங்கி வந்து, தூரத்தில் போய் நின்று பார்த்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

தினம் ஈரச்சாக்குப் போட்டு நனைக்கிறோம். ரேடியோவுக்குச் சளி. அவசர பிக்கு கூரையைத் தட்டிப் பார்க்க ஏறி, இறங்கத் தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் தியானம் செய்தார். ஏணி பிடித்து இறக்கினோம். சின்ன பிக்குமார் எல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெயில் குறைந்திருக்கிறது. மேற்கே கொஞ்சம் மேகக் கருக்கல். நீ வரும்போது எனக்கு நல்லதாக ஒரு சீப்பு வாங்கி வா. தலை முழுக்க மணல்.

உன் அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆபீஸில் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. இந்த வாரம் கிளம்ப முடியாது. ஜூலையில் கட்டாயம் வருகிறேன்.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. சீப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். யார் இறங்குவது? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, யாரும் இறங்காமல் இருந்தால் போதும். ஜூலை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா


ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் எழுத்து எப்போதும் ரயில் தண்டவாளம் மாதிரி நேராக இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் மலை ஏறுகிறது. படுத்துக்கொண்டு எழுதினால்தான் அப்படி வரும். உன் அண்ணன் கட்டிலில் கிடந்த காலத்தில் கடைக்கு எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். எதை உடைத்துக்கொண்டாய், கையா காலா? கையென்றால் எழுதியிருக்க முடியாது. அப்போ கால். ஆபீஸ் வேலையாம். என்னிடமே கதை விடுகிறாயா?

காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள். யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரியிடம் சாப்பாடு சொல்லி வை, கூச்சப்படாதே.

ஜூலை வரை பொறுக்க முடியாது, பாப்பா. மேகம் இங்கே கூரைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண் வழியாகத் தண்ணீர் இறங்கினால் மணல் கனத்துப் போய்ச் சுவரைத் தள்ளிவிடும் என்று நீயே எழுதினவள். கண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம், அடித்துப் பெய்தால் அது எத்தனை நேரத்துக்கு?

இறங்க ஆள் இருக்கிறது. நல்ல ஆள். நீ கவலைப்படாதே.

உன் அண்ணி


ஜூன் 16

தங்கச்சிக்கு,

உன் அண்ணி நலம். நானும் நலம். முதலில் அதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். அவள் நடந்ததை மாற்றி எழுதிவிடுவாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

இறங்குவது நான் என்றுதான் பேச்சு. கண்ணில் என் தோள் நுழையவில்லை. அது நுழையாது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் சட்டையைக் கழற்றித் திரும்பவும் முயற்சி செய்வதற்குள் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டுவிட்டாள். "நீங்க வெளியே இருந்து ம் போடுங்க, அது போதும்" என்றாள். செருப்பை அவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "மேலே ஏறி மிதிக்கப் போறேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று மணலுக்குள் இருந்த புத்தரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணோரம் குப்புறப் படுத்திருந்தேன். ஏற்பாடு என்னவென்றால், அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் நான் இழுக்க வேண்டும். கூரையைப் பற்றி, உன்னைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, கல்யாணத்தன்று நான் வேட்டி தடுக்கியதைப் பற்றி, எல்லாவற்றையும் பேசினாள். மேலே கூடை வாங்கின பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒரு தரம் பேச்சு நின்றது. இழுத்துவிட்டேன். "மூச்சு விடக்கூட விடமாட்டீங்களா" என்று திட்டினாள்.

அவள் சுவர் வரை சுரண்டி முடித்தபோது உள்ளே ஒரு சத்தம். மணல் இறங்கிய சத்தம். முன்னமே கூரைக்கு மேலே குறுக்காக நூல் கட்டியிருந்தேன். பார்த்தேன். கூரை இறங்கவில்லை. மயிரிழை கூட இல்லை. உன் கணக்குச் சரி.

அவளைத் தூக்கி வெளியே எடுத்தேன். எல்லாரும் இருந்தார்கள். இருந்தாலும் கொஞ்ச நேரம் கயிற்றை அவிழ்க்கவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் வாசலைத் திறந்து பாதி மணலை எடுத்துவிட்டோம். மீதியை அவள் எழுதுவாள்.

காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எண்ணவில்லை. ஒரு பக்கத்தை அண்ணன் எழுதுவார் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. நல்ல ஆள் இருக்கிறது என்று எழுதினீர்களே. நான் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு, அவர் பிழைக்க வேண்டும் என்று நாலு நாள் வேண்டிக்கொண்டேன். உங்களுக்காக வேண்டிக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். கால். ஜன்னல் திரை மாட்ட நாற்காலிமேல் ஏறினேன். கூண்டுக் கூரை கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு நாற்காலிக்கு மூன்று கால்தான் நல்லபடி இருக்கிறது என்பது தெரியவில்லை. இன்னும் இரண்டு மாதம் கட்டு. பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு தருகிறார். கூச்சப்படவில்லை.

ஆபீஸ் பெரியவரிடம் அண்ணன் எழுதியதைக் காட்ட அனுப்பினேன். நூல் கட்டிய இடத்தை மட்டும் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

திறப்பு நாளைக்கு வரமுடியாது. எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம். கூரை முழுவதும் தெரிகிற மாதிரி, ஒரே ஒரு படம்.

பாப்பா


ஜூலை 15

என் தங்கமே, பாப்பா,

உன் கால், உன் முடி, உன் கோபம், மூன்றும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் கடிதம் எழுதிய நாளிலிருந்து ஊரில் பெரிய மனுஷர் ஆகிவிட்டார். நாங்கள் எல்லாரும் கரையேறிவிட்டோம்.

வாசலில் மணல் வழிந்து வழிந்து வர, உள்ளே மட்டம் இறங்க இறங்க, முதலில் புத்தரின் உச்சந்தலைத் துணி தெரிந்தது. வைக்கோல் கயிற்றை அவிழ்த்தோம். குளித்துவிட்டுத் துண்டை எடுக்கிற ஆள் மாதிரி முகம் வெளியே வந்தது. அதே பாதி மூடின கண். இத்தனை மாதம் கழுத்துவரை, தலைவரை மணலைக் கொட்டிப் புதைத்தோமே, ஒரு கோபம் வேண்டுமே அந்த முகத்தில். ஒன்றும் இல்லை. ரேடியோ கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால் மணல் கண்ணில் விழுந்துவிட்டது என்கிறாள். அவசர பிக்குவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. காவியைச் செருகிக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்று கூடை வாங்கினார். கடைசிக் கூடை வரை வரிசையை விட்டுப் போகவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் போகவில்லை.

திறப்பு நாளன்று எத்தனை கூட்டம் என்கிறாய். புதைச்சுட்டாங்க என்று சொன்ன அந்த அம்மாவும் வந்தாள். எல்லாரும் அந்த வாசலில் வந்து குனிந்தார்கள். பெரிய அதிகாரி குனிந்தார், அவருக்குக் குடை பிடித்தவரும் குனிந்தார், குடையும் குனிந்தது. உள்ளே போய் நிமிர்ந்தவர்கள் எல்லாரும் நேரே அவரைத்தான் பார்த்தார்கள். வெளிச்சம் நீ சொன்ன மாதிரியே மடியில் விழுந்திருந்தது. நீ சொன்னபடியே, பாப்பா. இம்மி பிசகில்லை.

உன் ஆபீஸ் பெரியவரும் வந்திருந்தார். சொல்லாமல் வந்தார், நான்தான் கண்டுபிடித்தேன். எல்லாரும் சிலையைப் பார்க்க, ஒருத்தர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர் யாராக இருக்கும்? கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

"இதுல கையெழுத்து யாருது?" என்று என்னிடம் கேட்டார், தெரியாதவர் மாதிரி.

"என் நாத்தனாருது."

"அன்னைக்கு நான் சிரிச்சேன்னு அவங்க சொன்னாங்களா?"

"சத்தமில்லாம சிரிச்சீங்கன்னு சொன்னா."

அவர் மறுபடி ஒரு தரம் கூரையைப் பார்த்தார். "அடுத்து ஒரு பள்ளிக்கூடம் வருது. அவங்களையே வரையச் சொல்லணும்னு இருக்கேன். கால் சரியானதும் வரச் சொல்லுங்க" என்றார். "அம்புக்குறி போட்டு வரையச் சொல்றேங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன் அண்ணன் பக்கத்தில் நின்று "ம்" என்றார். இந்த "ம்" எனக்குத் தெரியும். ஆனால் உனக்குச் சொல்ல மாட்டேன், நீயே வந்து கேட்டுக்கொள்.

மாடிப்படியில் ஏறாதே. நாற்காலியைத் தூக்கி வெளியே போடு.

உன் அண்ணி

பி.கு.: நீ கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டவுனிலிருந்து நல்ல போட்டோக்காரரைத்தான் வரவழைத்தோம். கூரை முழுவதும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவரும் கேமராவைக் கண்ணில் வைத்தபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பின்னாலேயே போனார். அங்கே செங்கல் நனைக்கிற தொட்டி இருந்தது. கேமரா நனையவில்லை, கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். விழும்போது ஒரு படம் எடுபட்டிருக்கிறது, அந்தச் சுருளில் மிச்சமிருந்ததும் அது ஒன்றுதான். வானம் நன்றாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது அவருடைய செருப்பு.